பம்பு ஊதிய சுண்ணாம்பு நீர்

செய்முறைத் தேர்வில், வகுப்பே ‘பம்பு’ என்று கூப்பிடும் பையன், கன்னம் உப்ப, ஸ்ட்ராவால் சுண்ணாம்பு நீருக்குள் ஊதுகிறான். மூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டு நீர் பாலாக வெளுக்கிறது; ஜன்னல் வெயிலில் சோதனைக்குழாய் அவனைவிடப் பெருமையாக மின்னுகிறது. வெண்மையைக் கண்ணால் பார்த்து மார்க் போட வேண்டிய தேர்வாளரோ, முதுகைக் காட்டிக்கொண்டு, கோபித்துக்கொண்ட மருமகனைப் போனில் சமாதானப்படுத்துகிறார். “நிறுத்துடா, ரொம்ப ஊதினா மறுபடி தெளிஞ்சிடும்,” என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. “சார் திரும்பும்போது நான் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?” என்று கேட்டுவிட்டு இன்னும் மும்முரமாக ஊதுகிறான். வெண்மை மெல்லக் கரைந்து காணாமல் போகிறது. தேர்வாளர் போனை வைத்துவிட்டுத் திரும்புகிறார். கண்ணாடிபோல் தெளிந்த நீரைப் பார்க்கிறார்; வியர்த்துச் சிவந்த முகத்தைப் பார்க்கிறார். “பயப்படாதப்பா,” என்கிறார் பாசமாக. “மெதுவா ஆரம்பி.”