கரை தெரியாத காலை

துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கரையைக் காணோம்.

நீல நிறக் கூடாரம் இல்லை. சோலை மரங்கள் இல்லை. ஏரிக்கு மேல் எழுந்து நின்ற மலையும் இல்லை.

வெள்ளை.

கிளம்பும்போது பனி ஏரியின் நடுவில் மட்டும்தான் கிடந்தது. ஒருவர் மட்டும் உட்காரும் சின்னப் பிளாஸ்டிக் படகு. ஓட்டும் விதத்தை நேற்று மாலைதான் கூடாரக்காரர் செல்லையா அவளுக்கும் அவள் கணவன் இன்பராஜுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். லேசில் கவிழாது என்றார். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்போதுதான் விடிந்திருந்தது.

பனியைத் தொட்டுப் பார்க்கலாம் என்றுதான் வந்தாள்.

இப்போது பனி அவளைத் தொட்டுக்கொண்டிருந்தது. இமைகளில். முன்கை மயிரில். நாக்கை நீட்டினாள். எந்தச் சுவையும் இல்லை.

நீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. படகு மிதக்கிறதா, எதிலாவது தொங்குகிறதா என்றும் தெரியவில்லை.

எங்கோ ஒரு பறவை நீரில் இறங்கியது. வளையங்கள் மட்டும் அவளிடம் வந்தன. படகைத் தட்டிவிட்டுப் போயின.

இங்கே யாரும் அவளைக் கண்டதும் பேச்சை மாற்ற மாட்டார்கள். பதினான்கு மாதங்களாக எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

“சுகந்தி…”

குரல் இடப்பக்கமிருந்து வந்தது. மலையில் பட்டு வலப்பக்கமிருந்தும் வந்தது.

“சுகந்தி, ஒரு சத்தம் குடு!”

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

இன்னும் கொஞ்ச நேரம்.

யாரோ ஓடும் சத்தம். சேற்றில் செருப்பு சிக்கும் சத்தம். பிறகு செல்லையாவின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல நீர்மேல் வந்தது.

“பதறாதீங்க சார். ஜாக்கெட் ஒண்ணு கொறையுது, போட்டுக்கிட்டுத்தான் போயிருக்காங்க. இந்தப் பனியில நாம எறங்குனா நாமளும் தெச தப்பிருவோம். நீங்க இங்கனயே நின்னு பேசிக்கிட்டே இருங்க. சத்தத்தப் பிடிச்சு வந்துருவாங்க. நான் மதகுப் பக்கம் போயி நிக்கிறேன்.”

இன்பராஜ் கூப்பிட்டான். மறுபடி மறுபடி கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிட அவள் பெயர் தேய்ந்தது. கடைசியில் முதல் எழுத்து மட்டும் வந்தது.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பதில் சொல்ல மூச்சை இழுத்தாள்.

“நான் அவளப் பாத்தேன், சுகந்தி.”

இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

ஏழாவது மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்ட பெண் குழந்தை. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிவதற்குள் வீட்டுப் பெரியவர்கள் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். பார்த்தால் தாங்க மாட்டாளாம். ஒரே ஒருமுறை இவனிடம் கேட்டாள், நீங்களாவது பார்த்தீர்களா என்று. இல்லை என்று சொல்லிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டான். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

“பாக்கலன்னு பொய் சொன்னேன். நர்ஸம்மா பச்சத் துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. கால் மணி நேரம் வச்சிருந்தேன். கனமே இல்ல. முடி நெறைய. ஈரமா நெத்தியில ஒட்டியிருந்துச்சு. வெரல்ல நகமெல்லாம் வந்திருந்துச்சு, சுகந்தி. மேலுதடு ஒனக்கு இருக்க மாதிரியே, கொஞ்சம் தூக்கி. சொன்னா நீ ஒடஞ்சு போயிருவேன்னு நெனச்சேன்…”

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

“நீ இல்ல. நான் ஒடஞ்சிருவேன்னுதான் சொல்லல.”

துடுப்பிலிருந்து சொட்டும் நீர் அவளுக்கு இடைஞ்சலாக இருந்தது. துடுப்பைத் தூக்கி மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

ஒரு முகம் வந்துகொண்டிருந்தது.

இத்தனை நாளும் கனவில்கூட வராத முகம். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் முடி. பிறகு நெற்றி. பிறகு, லேசாகத் தூக்கிய மேலுதடு.

அவள் கை நீட்டவில்லை. நீட்டினால் கலைந்துவிடும் போலிருந்தது.

கன்னத்தில் வழிந்தது சூடாக இருந்தது. அதனால்தான் அது பனி இல்லையென்று தெரிந்தது.

கரையில் அவன் அழுதான். அவன் அழுது அவள் கேட்டதில்லை. அடக்கத் தெரியாமல், சின்னப் பையனைப்போல விக்கி விக்கி அழுதான். பிறகு அந்தச் சத்தமும் ஓய்ந்தது.

குரல் நின்றதும் முகமும் பாதியில் நின்றுவிட்டது.

படகு தானாகவே மெல்லச் சுழன்றது. அவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று தெரியாமல் போனது. முன்னால் வெள்ளை. பின்னாலும் வெள்ளை.

முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

“ஏங்க!”

யாரோ தடுமாறி நீருக்குள் கால் வைக்கும் சத்தம்.

“சுகந்தி! எங்க இருக்க? ஒண்ணும் ஆகலல்ல?”

“காது எப்படி இருந்துச்சு?”

பனி அசையவில்லை. அவள் காத்திருந்தாள்.

பிறகு, நினைத்தே பார்க்காத ஒரு பக்கத்திலிருந்து, மிகவும் மெதுவாக வந்தது.

“சின்னதா… எடது காது மட்டும் கொஞ்சம் மடங்கி…”

படகை அந்தப் பக்கம் திருப்பினாள். ஒரு சொல்லும் தவறிவிடாதபடி, நீருக்கு வலிக்காமல் துடுப்பை இறக்கினாள்.