இண்டைக்கு என்ன திகதி?

"இனி ஐஞ்சு வருஷத்துக்குப் பாராளுமன்றத்தை ஒருத்தரும் கலைக்கேலாது. எங்களையும் அசைக்கேலாது!"

கட்சித் தலைவரின் சொல்லை மீறி அந்தச் சட்டத்துக்கு வாக்களித்த குலவீரசிங்கம் எம்.பி., வெள்ளவத்தை வீட்டில் கால்மேல் கால் போட்டுச் சிரித்தார்.

தலைவரின் செயலாளர் தயாபரன் தேநீரை ஆற அமரக் குடித்து முடித்தான்.

"தலைவருக்குக் கோபமோ?"

"சீச்சீ, வாழ்த்துச் சொல்லச் சொன்னவர். ஒருக்கா உங்கட பேனையைத் தாங்கோ அண்ணை. இண்டைக்கு என்ன திகதி?"

"பதினேழு." பேனையைத் தாராளமாக நீட்டினார்.

தயாபரன் பையிலிருந்து பழுப்பேறிய கடிதமொன்றை எடுத்து, மேலே திகதியை எழுதி, அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

கீழே குலவீரசிங்கத்தின் கையெழுத்து. வேட்புமனுவில் பெயர் வருவதற்காக, திகதி போடாமல் தலைவரிடம் அன்றைக்கே எழுதிக் கொடுத்த பதவி விலகல் கடிதம்.

"பாராளுமன்றம் ஐஞ்சு வருஷமும் இருக்கும் அண்ணை," என்றான் தயாபரன்.