இரண்டு வாமதேவன்

சமையல்காரர் வாமதேவனின் இரத்தத்தை எங்கள் ஆய்வுக்காக ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை எடுத்திருந்தோம். மூவாயிரம் புரதங்களை அளந்து பார்த்தால், இரண்டும் வெவ்வேறு ஆட்களுடையவை போலிருந்தன.

“குழாயை மாத்தி வைச்சிட்டியள், தியரி,” என்றேன், எல்லோருக்கும் முன்னால்.

தியரி புதுச்சேரிக்காரர். இருபது வருடமாக எங்கள் ஆய்வுகூடத்தில் அளவு பார்ப்பவர்.

“மறுபடியும் அளந்துட்டேன், மதாம். அளவு சரிதான்.”

“அப்ப மனுசன் மாறிட்டாரோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள், தவறு தன்னுடையதுதான் என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். எனக்குப் பெரிய திருப்தி. புதிதாக இரத்தம் கேட்க, அடுத்த நாள் நானே, பாரிஸின் லா சாப்பலில் வாமதேவன் சமைக்கும் சாப்பாட்டுக்கடைக்குப் போனேன்.

“ஆய்வுகூடத்திலையிருந்து வாறன். வாமதேவன் அண்ணை நிக்கிறாரோ?”

“தியரி அண்ணையின்ரை ஆளோ?” முதலாளியின் முகம் மலர்ந்தது. “காலமை வாமதேவனோ, பின்னேர வாமதேவனோ?”

“ரெண்டு பேரோ?” என்றேன்.

“ஒருத்தனுக்குத்தான் இஞ்சை வேலை செய்யிறதுக்குக் கார்ட் இருக்கு, பிள்ளை. ரெண்டு பேரும் அந்தப் பேரிலைதான் வேலை. நேர்ஸ் வந்து வாமதேவன் ஆரெண்டு கேட்டா, வேலையிலை நிக்கிறவன்தானே கையை நீட்டோணும்.”

“தியரிக்கு இது தெரியுமோ?”

“முந்தநாள் வந்து கேட்டவர். சொன்னம். பிழை தன்ரை எண்டு எழுதிக் குடுக்கிறன், பயப்பிடாதேங்கோ எண்டிட்டுப் போனவர்.” தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார். “பாவம், அங்கை ஒரு மதாம் அவரை எல்லாருக்கும் முன்னாலை பேசினவவாம். ஆளைத் தெரியுமோ, பிள்ளை?”

“ஓம்,” என்றேன். “இப்பதான் தெரியும்.”