சாம்பாரில் விழுந்த டேப்லெட்

ஒரே கடையில் அருகருகே இருந்த இரண்டு டேப்லெட்டுகள், ஒரு வருடம் கழித்து ரிப்பேர் கடை மேசையில் சந்தித்தன. போன வருடம் அந்தக் கடையில் வரதராஜுலு இரண்டையும் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விலை கூடியதை வாங்கிப் போனார். விலை குறைந்தது வேறு வீட்டுக்குப் போயிற்று.

“என்னப்பா, உடம்பெல்லாம் மஞ்சள்?” என்றது விலை கூடியது.

“சமையல் வீடியோ காட்டும்போது சாம்பாரில் விழுந்துட்டேன். உனக்கு என்ன?”

“பீரோவிலேயே கிடந்து பேட்டரி செத்துப்போச்சு. பிள்ளைங்க கை படக்கூடாதாம். முகத்துல ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கலை.”

“மகாராசன்தான் போ.”

“இப்போ புது பேட்டரி போட்டாச்சு. இனிமேலாவது வெளியே வைப்பார்னு நினைக்கிறேன்.”

வரதராஜுலு வந்தார். கைக்குட்டையால் விலை கூடியதைப் பதமாகத் துடைத்து, பழைய அட்டைப்பெட்டியிலேயே வைத்தார். மூடி இறங்குவதற்குள் அது அவசரமாகக் கேட்டது:

“சாம்பார் சூடா இருந்துச்சா?”