சித்தியின் முட்டிவலி

"உங்க சித்திகிட்ட வயசைக் கேட்டா மட்டும் அவளுக்குக் காது கேக்காது" என்றார் அப்பா பரத்வாஜ்.

வர்ஷினி சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதங்களைப் பரப்பியிருந்தாள். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைக்க ஒரு வம்சவிருட்சம். கொள்ளுத்தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், தாத்தாவின் கல்யாணப் பதிவு, அத்தை பேரன்களின் பிறப்புச் சான்றிதழ்வரை வந்தாயிற்று. எல்லாக் கிளையிலும் பெயரும் தேதியும் இருந்தன. அம்மாவின் தங்கை காமாக்ஷியின் கிளையில் பெயர் மட்டும்.

"ஆதார் கார்டை பீரோவில வெச்சுப் பூட்டறா. தலைக்கு டை. அதையெல்லாம் விடு, எங்களுக்கு ஒரு தடவை நமஸ்காரம் பண்ணியிருக்காளா? அக்கா காலைத் தொடணும்னா உடனே முட்டிவலி வந்துடும். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டை மட்டும் ரெண்டு ரெண்டாத் தாண்டுவா."

"தேதி இல்லாட்டா என்ன? பேர் மட்டும் போடு" என்றாள் அம்மா ஸ்ரீலக்ஷ்மி. வாணலியில் அப்பளம் கருகிக்கொண்டிருந்தது.

வர்ஷினிக்கு இருந்த கவலை வேறு. கூட வேலை செய்யும் சாய்சரணைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். அம்மா ஜாதகம் பார்த்துவிட்டு வந்தாள். பத்துக்கு நாலு.

"எனக்கும் உங்கப்பாவுக்கும் எட்டு. அதனாலதான் அறுபது வரைக்கும் சேர்ந்து வந்திருக்கோம். நாலெல்லாம் ஒரு பொருத்தமா?"

அம்மா எட்டு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

மறுவாரம் மாநகராட்சியிலிருந்து சித்தியின் பிறப்புப் பதிவு கிடைத்தது. வர்ஷினி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஆட்டோ பிடித்து மேற்கு மாம்பலம் போனாள்.

சித்தி கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். வீட்டில் இந்தி ட்யூஷன் எடுக்கிறாள். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நீ அம்மாவைவிட மூணு வயசு பெரியவ."

சிவப்புப் பேனா நின்றது.

"ஓ. இன்னும் கிழியாம வெச்சிருக்காளா அதை?"

"அப்போ நீ எனக்கு சித்தி இல்லை. பெரியம்மா."

"மெதுவாப் பேசு. உள்ளே பசங்க எழுதிண்டிருக்கா."

"சொல்லு."

சித்தி பேனாவை மூடினாள். "உங்கப்பா பொண்ணு பார்க்க வந்தது என்னை. கேசரி எடுத்துண்டு வந்தது உங்கம்மா. மனுஷன் அப்புறம் நிமிர்ந்து என் பக்கம் பார்க்கவே இல்லை. அவளும் தட்டைக் கொடுத்துட்டுப் போகாம நின்னுண்டிருக்கா. 'இவதானே மூத்தவ?'ன்னு அவளைக் காட்டி உங்கப்பாவோட அம்மா கேட்டா. மூத்தவ இருக்கச்சே சின்னவளை எடுக்க மாட்டாளே. எங்கப்பா வாயைத் திறக்கறதுக்குள்ள நான் 'ஆமாம்'னுட்டேன்."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"இருந்தது. ரெண்டு தீபாவளி வரைக்கும். அப்புறம் உங்கப்பா விடற குறட்டையைப் பத்தி லக்ஷ்மி சொன்னா."

வர்ஷினி சிரித்துவிட்டாள். சித்தியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

"அப்போ அந்த முட்டிவலி?"

"பெரியவ நமஸ்காரம் பண்ணினா சின்னவளுக்கு ஆயுசு குறையும்பா. நெஜமோ பொய்யோ. எனக்கு இருக்கறது ஒரே தங்கை." பேனாவைத் திரும்ப எடுத்தாள். "அந்தத் தேதியைப் போடாதே. சத்தியம் பண்ணு."

வர்ஷினி சத்தியம் பண்ணினாள்.

விசேஷத்தன்று மண்டப வாசலில் வம்சவிருட்சத்தைச் சுற்றி ஒரே கூட்டம். ஆளாளுக்குத் தன் பெயரைத் தேடிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் சாய்சரணும் இருந்தான், 'ஆபீஸ் ஃபிரெண்ட்' என்ற பெயரில்.

"காமாக்ஷிக்கு மட்டும் தேதியே காணோமே. இன்னும் பொறக்கலையோ?" என்றார் ஒரு மாமா.

"அடுத்த வருஷம் பொறப்பா" என்றார் இன்னொருவர்.

சித்தியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மணக்கோலத்தில் அந்தப் பக்கமாக வந்த அம்மா மட்டும் அந்த வெறும் கிளையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். சாஸ்திரிகள் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

தாலி கட்டி முடிந்தது. சின்னவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து தம்பதிக்கு நமஸ்காரம் பண்ணினார்கள்.

"காமாக்ஷி, நீயும் வந்து பண்ணேன்" என்றாள் அத்தை.

"முட்டி..." என்று ஆரம்பித்தாள் சித்தி.

"பார்த்தேளா, வந்துடுத்து" என்றார் பரத்வாஜ். நாலு பேர் சிரித்தார்கள்.

அம்மா மணையிலிருந்து எழுந்தாள். ஒன்பது கஜப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். நேரே போய்ச் சித்தியின் காலில் விழுந்தாள்.

சித்தி அவளை அவசரமாகத் தூக்கி, "அசடு, எல்லாரும் பார்க்கறா" என்றாள்.

"பார்க்கட்டும் அக்கா."

அம்மா மணைக்குத் திரும்பி வந்தாள். பரத்வாஜ் பிளந்த வாயை இன்னும் மூடவில்லை.

"என்ன லக்ஷ்மி இது? யாரு அக்கா, யாரு தங்கை?"

"ஆத்துக்குப் போய்ச் சொல்றேன். முதல்ல அந்த சாய்சரணோட அப்பா அம்மாவை வரச் சொல்லுங்கோ."

"நாலு பொருத்தம்தான்னியே?"

"நாலே போறும்" என்றாள் அம்மா, புதுத் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. "நம்ம எட்டு, அக்கா ஜாதகத்துக்குப் பார்த்தது."