கவிழ்ந்த பெட்டிகள்

ஜன்னலில் தொங்கவேண்டிய இரண்டு பூப்பெட்டிகளும் வாசலில் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே ஒரு கைப்பிடி மண்கூட மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து யோரின் அடுக்கடுக்காக நட்டுவைத்த டுலிப், டாஃபடில் பூக்கிழங்குகளில் ஒன்றைக்கூடக் காணோம்; மேலாக வைத்த சின்னச் செடிகளையும் காணோம்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். சமையலறைத் தொட்டியில் மாய்க்கே கை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது.

"யாரு பண்ணுன வேலை இது?"

"நான்தான்." பன்னிரண்டு வயதுப் பெண் மறைக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கெர்பெனுடன் வாழ இந்த வீட்டுக்கு யோரின் வந்தது கோடை முடிவில். இப்போது நவம்பர். அவன் மகள் இன்னும் அவளை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேஜையில் உப்பு எட்டவில்லை என்றால் மட்டும் "இந்தாங்க" என்று குரல் கொடுப்பாள்.

ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் டுலிப் வயல். இங்கே வந்து பெட்டியில் நடுகிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். யோரின் என்ன செய்வாள், வாடகை அறைகளிலேயே காலம் தள்ளியவள். எந்த வீட்டிலும் இரண்டாவது குளிர்காலத்தைப் பார்த்ததில்லை.

வந்த புதிதில் ஜன்னலடியில் இரும்புக் கொக்கிகளைப் பார்த்து, பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டாள். "இல்சே மாட்டுனது. போகும்போது பெட்டிய எடுத்துட்டு, கொக்கிய விட்டுட்டா" என்றான் கெர்பென். இல்சே, யோரினுக்கு முன்னால் அவனோடு அந்த வீட்டில் இருந்தவள்.

சந்தையில் கிழங்கு வாங்கும்போதே மாய்க்கேயின் முகம் சரியில்லை. என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டதற்கு, "உங்க பெட்டி, உங்க இஷ்டம்" என்றாள். பிறகு ஒரு பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுல எது கடைசியா பூக்கும்?"

"இந்தக் கறுஞ்சிவப்பு. மே மாசம் ஆயிடும்."

"மே மாசம் நீங்க இருப்பீங்களா என்ன?"

அன்றைக்குக் குத்திய முள் இன்னும் எடுபடவில்லை. இன்று பெட்டிகளையே கவிழ்த்து வைத்துப் பதிலையும் சொல்லிவிட்டாள்.

யோரின் மாடிக்கு ஓடினாள். பையை இழுத்துப் போட்டு இரண்டு ஸ்வெட்டரைத் திணித்தாள், ஒன்றை வெளியே எடுத்தாள், மறுபடி உள்ளே வைத்தாள். கெர்பென் வேலை முடிந்து வரும் நேரம். அவனை விட்டுப் போக மனசில்லை. ஆனால் அவன் பெற்ற மகளே வேண்டாம் என்கிற வீட்டில் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

பையோடு இறங்கியபோது மாய்க்கே படிக்கட்டின் கீழே வழிமறித்து நின்றாள்.

"எங்க போறீங்க?"

"தெரியல."

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நீயே சொல்லிக்கோ. சந்தோஷமா சொல்லு." குரல் உடைந்ததில் யோரினுக்கே வெட்கமாக இருந்தது. "கிழங்கையெல்லாம் எங்க கொட்டுன? அதையாவது குடு, எடுத்துட்டுப் போறேன்."

"தர முடியாது."

"என் காசுல வாங்குனது, மாய்க்கே."

"இருக்கட்டும். தர முடியாது." சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து இருட்டில் இறங்கினாள். யோரினும் பையை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். குப்பைத் தொட்டியில் கிடந்தாலும் பொறுக்கிக்கொள்ளலாம் என்றுதான்.

குப்பைத் தொட்டி மூடியே இருந்தது. மாய்க்கே அதைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் கைவிளக்கை அடித்தாள். நேற்றுவரை காஞ்சொறி மண்டிக் கிடந்த பாத்தி, இப்போது வேரோடு களையெடுத்து, கொத்திச் சமன் செய்யப்பட்டிருந்தது. பெட்டியில் மேலாக இருந்த சின்னச் செடிகள் ஓரத்தில் வரிசையாக நின்றன. நடுவில் குச்சிகளில் கிழங்குப் பொட்டலத்தின் படங்கள் குத்தியிருந்தன. கறுஞ்சிவப்பு டுலிப் முன்வரிசையில் இருந்தது.

"எல்லாத்தையும் நல்லா ஆழமா வெச்சுட்டேன்" என்றாள் மாய்க்கே. "உங்க மண்ணையும் மேல கொட்டிட்டேன். எலிகூடத் தோண்ட முடியாது."

யோரின் குனிந்து ஈரமண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"பெட்டியிலயே நல்லாத்தானே இருந்துச்சு. இத எதுக்கு இங்க கொண்டாந்து நட்ட?"

மாய்க்கே கைவிளக்கை அணைத்தாள்.

"பெட்டியில இருந்தா, போகும்போது தூக்கிட்டுப் போயிடுவீங்க, யோரின்."