மூன்றரைக் குளம்படி

குதிரை வாங்கும்போது வண்டிக்காரர் காதர்மைதீன் கண்ணை மூடிக்கொண்டு குளம்படியைக் கேட்பார். சந்தையில் குதிரை விற்க வந்த பொன்னுரங்கம் நடத்திக் காட்டிய வெள்ளைக் குதிரைக்குப் பார்வைக்கு நான்கு கால்களும் சரியாகவே இருந்தன. கண்ணை மூடினால் மட்டும் நான்காவது அடி இழுத்துக்கொண்டு வந்தது. நொண்டுவது தெரிந்தும் அவர் சாட்டையடித்துப் பாலத்து மேட்டில் ஏற்ற, அங்கேயே விழுந்து செத்த பழைய குதிரையின் நடை அது.

"என்ன பாய், கண்ணை மூடிக்கிட்டா விலை குறைஞ்சிருமா?" என்று சிரித்தான் பொன்னுரங்கம்.

"வண்டி நின்னு மூணு மாசமாச்சுப்பா. இன்னைக்கும் வாங்காம போனா வீட்ல உலை கொதிக்காது. நீயே கேட்டுச் சொல்லு" என்று கயிற்றை வாங்கி நடத்தினார்.

கண்ணை மூடிய பொன்னுரங்கத்தின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"போதும் பாய், குதிரையை நிறுத்துங்க. நாலாவது அடி இன்னும் இழுத்துக்கிட்டே வருது" என்றான் கண்ணைத் திறக்காமலே.

அவர் நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. குதிரை அவர் தோளில் மூக்கை வைத்து நின்றது. கயிற்றை அவர் இன்னும் விடவில்லை.